யாருக்கும் வேண்டாத உப்பு

எங்கள் நிலையத்தைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் போய் நிற்பார்கள், கடைசிக் குழாய்க்கு முன்னால். நான் குழாயைத் திறந்துவிடுவேன். காலையில் கறுப்பும் ஊதாவுமாக உள்ளே வந்த சாயத் தண்ணீர் அங்கே நிறமேயில்லாமல் கொட்டும். "மாஷா அல்லாஹ்" என்பார்கள், கையை நனைத்துப் பார்ப்பார்கள், படம் பிடிப்பார்கள், தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்தத் தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்ததெல்லாம் எங்கே போகிறது என்று ஒரு ஆளாவது கேட்டதில்லை. கேட்டிருந்தால் அந்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன்.

கிழக்கிலங்கையின் மருதமுனையில் சாரன், அதாவது கைலி, நெய்கிற வீடுகளுக்கு நூலுக்குச் சாயம் போட்டுக் கொடுக்கும் பட்டறைகள் சில கடற்கரைப் பக்கமாக இருக்கின்றன. பருத்தி நூலில் சாயம் பிடிக்க வேண்டுமென்றால் தொட்டியில் உப்புப் போட வேண்டும். கறிக்குப் போடுவதுபோல ஒரு கரண்டி இல்லை, மூட்டை மூட்டையாக. சாயத்தில் பெரும்பகுதி நூலோடு போய்விடும். உப்பு அத்தனையும் கழுவுகிற தண்ணீரோடு வெளியே வந்துவிடும். முன்பெல்லாம் அதை அப்படியே பின்வளவு மணலில் ஊற்றினார்கள். எங்கள் பக்கத்து மணல் எதையும் பிடித்து வைக்காது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உப்பங்கழியான களப்பு, நடுவில் மணலுக்குள்ளே மழை விட்டுப்போன நல்ல தண்ணீர் மெல்லிசாகக் கிடக்கிறது. மேலே எதை ஊற்றினாலும் அது நேராக யாரோ ஒருவரின் கிணற்றுக்குத்தான் போகும். குழாய்த் தண்ணீர் வந்துவிட்டதுதான், ஆனால் அது வருகிற நேரம் அதன் இஷ்டம்.

அந்தச் சாயத் தண்ணீரைப் பிடித்துச் சுத்தம் செய்து திரும்பப் பாவிப்பதற்காகவே எங்கள் சிறிய நிலையம் வந்தது. அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இரசாயனம் படித்துவிட்டுக் கல்முனைக்குடியிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் போய் வருகிறேன். "படிச்ச படிப்புக்கு ஊத்தத் தண்ணியோட மாரடிக்கிறா" என்று என் மாமி சொந்தக்காரர்களிடம் சொல்வது என் காதுக்கும் வந்திருக்கிறது. மாமி சொல்வதில் பிழை ஒன்றும் இல்லை.

நிலையத்தின் பின்மதிலுக்கு அந்தப் பக்கம், நான் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடும் ஒருவர் இருக்கிறார். விடிய எழும்பி இடியப்பம் அவித்து விற்பது அவர் தொழில். கணவர் ஓட்டோவில் கொண்டுபோய்க் கடைகளுக்குக் கொடுப்பார். மிச்சம் எங்கள் ஒழுங்கை வீடுகளுக்கு. எனக்கும் நிலையத்துக்குக் காவல் இருக்கிற வாச்சருக்கும் காலைச் சாப்பாடு அங்கிருந்துதான், லஞ்ச் சீற் என்கிற மெல்லிய பிளாஸ்ரிக் தாளில் சுற்றி மதிலுக்கு மேலால் வரும். அவருடைய வாப்பா சீதனமாகக் கட்டிக் கொடுத்த வீடு அது, கிணறும் சேர்த்து. பட்டறைத் தண்ணீர் மணலில் ஓடிய காலத்தில் அந்தக் கிணறு பட்ட பாட்டை அவர் சொல்லக் கேட்க வேண்டும். பெருநாளுக்கு எந்த நிறச் சாரன் ஓடுகிறது என்று கடைத்தெருவுக்குப் போகாமல் வாளியைப் பார்த்தே சொல்லிவிடலாமாம். இடியப்ப மாக் குழைக்கத் தண்ணீரை ராத்தாவின் தங்கச்சி வீட்டிலிருந்து கேன்களில் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வருவார் கணவர். அதை இறக்கும்போது ஒவ்வொரு கேனுக்கும் பட்டறைக்காரரை ஒருமுறை ஏசுவார்.

நிலையம் தொடங்கிய அன்று அந்த ராத்தா மதிலடிக்கு வந்து கேட்டார். "தங்கச்சி, என்ட கிணறு பழையபடி நல்லதண்ணியா வருமா?"

"ஓம் ராத்தா, வரும்" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. புது இடம், புது மெசின், அன்றைக்கு யார் எதைக் கேட்டிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் அவர் அதைப் பிடித்துக்கொண்டார். சில மாதங்களில் கிணற்றிலிருந்து நிறம் போய்விட்டது. ஆய்வுக்கு அனுப்பிப் பார்த்தோம், சாயம் இல்லை, மற்றவையெல்லாம் அளவுக்குள் இருந்தன. உப்பு மட்டும் இறங்கவில்லை, தண்ணீர் சவராகக் கரித்துக்கொண்டே இருந்தது. நான் ஸ்கூட்டியை நிறுத்தும் சத்தம் கேட்டதும் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். "தங்கச்சி, இண்டைக்கும் சவர்தான்." எனக்கு ஒவ்வொரு நாளும் விடிந்தது அப்படித்தான்.

இதற்கிடையில் தண்ணீர்க் கதை. கடைசிக் குழாயில் வருகிற தண்ணீரை ஊரில் யாரும் சீந்தவில்லை. பக்கத்துப் பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு எடுக்கும் தொட்டிக்குக் கோடையில் தண்ணீர் காணாது. நான் போய்க் கேட்டேன், இலவசமாகத் தருகிறோம் என்றேன். மௌலவி நேரில் வந்து கையில் ஏந்திப் பார்த்தார், மணந்தார், நாக்கில் வைத்தார். நிறம், மணம், ருசி மூன்றிலும் குறை இல்லையென்றால் தடை ஒன்றுமில்லை என்றார். நான் சந்தோஷப்பட்டு முடிவதற்குள் நிர்வாகத்தில் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

"மௌலவி செல்றது சரிதான் மிஸ். ஆனா சனத்துக்கு மனசு ஒப்பாதே."

மனசு ஒப்பாத சனம் அவர் ஒருவர்தான் என்று எனக்குப் பட்டது. ஆனாலும் அடுத்த கிழமையே எங்கள் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு அறிவிப்பு போட் வந்துவிட்டது. "இத்தண்ணீர் குடிக்கவும் ஒளு எடுக்கவும் உகந்ததல்ல." பெரிய எழுத்தில், சிவப்பு மையில். அந்தச் சிவப்பும் எங்கள் பட்டறையொன்றின் சாயமாகத்தான் இருக்க வேண்டும். கடைசியில் அந்தத் தண்ணீரைப் பட்டறைகளே நூல் கழுவ எடுத்துக்கொண்டன. சரி, அதுவாவது நடந்தது.

மிஞ்சியது மிச்சத் தண்ணீர். பத்து வாளி உள்ளே போனால் ஏழு வாளி சுத்தமாக வரும். அந்த ஏழிலிருந்தும் பிரிந்த உப்பெல்லாம் மிச்சம் மூன்று வாளிக்குள் நிற்கும். அதில் விரலை வைத்து நாக்கில் தொட்டால் முகம் கோணிவிடும். இதை எங்கே விடுவது என்று ஊரில் ஆளுக்கொரு யோசனை வைத்திருந்தார்கள், அத்தனை பேரும் இரசாயனம் படித்தவர்கள்போல.

"கடல்ல விடுங்களன் மிஸ். கடலும் உப்புத்தானே?"

இதை எத்தனை பேர் எத்தனை தடவை சொன்னார்கள் என்று எனக்கு நினைவில்லை. சொல்கிற ஒவ்வொருவரும் தாங்கள்தான் முதலில் கண்டுபிடித்ததுபோல ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். கடல் உப்பில் சாயத்தோடு போடுகிற சலவைச் சோடா இல்லை, சாயத்தின் மிச்சம் இல்லை என்று நான் விளக்கத் தொடங்கும்போது அவர்களின் ஃபோன் அடிக்கும். யாரோ போய்க் கரைவலைக்காரர்களிடம் நாங்கள் கடலில் விடப்போகிறோம் என்று கதைத்துவிட்டார்கள். ஒரு நாள் பின்னேரம் அவர்கள் கூட்டமாக வந்து நின்றார்கள். "கடல்ல ஒரு வாளி விட்டீங்கெண்டா வலைய உங்கட கேட்டுல கொண்டு வந்து கட்டுவம்." அவர்கள் சொன்னது நியாயம். செய்யாத ஒன்றுக்காக ஏச்சு வாங்கியதுதான் எனக்கு எரிச்சல்.

இன்னொருவர், படித்த மனிசன், தண்ணீர் பவுசர் லொறியில் ஏற்றிச் சொறிக்கல்முனைப் பக்கம் கொண்டுபோய் எங்கேயாவது விடலாமே என்றார். வயல் நிலத்தில் உப்பா என்று கேட்டேன். "வயலுக்குள்ள இல்ல மிஸ், எங்கயாவது" என்றார். எல்லோருடைய யோசனையும் இந்த எங்கேயாவதில்தான் போய் முடிந்தது. எங்கேயாவது என்பது இன்னொரு ஆளின் கிணறு. அதை அவரிடம் சத்தம் போட்டே சொன்னேன். பிறகு அவர் எங்கள் பக்கம் வரவில்லை.

உண்மையில் இதற்கு நேரான வழி ஒன்று இருந்தது. பட்டறைக்குத் தேவை உப்பு. நாங்கள் அங்கிருந்து வந்த தண்ணீரில் உப்பைப் பிரிக்கிறோம். அந்த உப்பைப் பட்டறைக்கே திருப்பிக் கொடுத்தால் கதை முடிந்தது. எங்கள் மெசினில் இரண்டு சவ்வுகள் இருக்கின்றன. முதல் சவ்வு சாயத்தைத் தடுத்துவிட்டு உப்பைப் போகவிடும். இரண்டாவது உப்பைத் தடுத்துவிட்டுத் தண்ணீரைப் போகவிடும். ஆகவே மிஞ்சுகிற உப்பில் நிறம் அநேகமாக இருக்காது. மிஞ்சியிருந்த சோடாவையும் நான் அமிலம் சேர்த்துச் சரிப்படுத்தினேன். இவ்வளவையும் செய்துவிட்டு ஒரு கேனில் அதை எடுத்துக்கொண்டு பெரிய பட்டறைக்குப் போனேன். அங்கே சாயம் போடுகிறவரை ஊரெல்லாம் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும், கைப்பக்குவத்துக்குப் பேர்போனவர். அவர் சரியென்றால் மற்றப் பட்டறைகளும் சரியென்று விடும்.

காக்கா கேனை மூடி திறக்காமலே பார்த்தார்.

"இது எங்கட கழிவு."

"கழிவு இல்ல காக்கா, உப்பு. உங்கட உப்புத்தான்."

"எங்கட தொட்டிக்குள்ள போய் வந்த உப்பு. ஒருக்கா நூல் கண்ட உப்பு மறுகா நூலப் பிடிக்காது. திட்டுத்திட்டா வரும்."

அப்படியொரு விதி எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். கேட்காமல், "கறுப்புல மட்டும் ஒருக்காப் போட்டுப் பாருங்க, கறுப்புல திட்டு எங்க தெரியப்போகுது" என்றேன். பார்க்கலாம் என்றார். அவர் பார்க்கலாம் என்றால் பார்க்கமாட்டார். ஒரு மாதம் கழித்துப் போனேன், கேன் அதே இடத்தில் இருந்தது, மேலே யாரோ ஒரு சாரனைக் காயப் போட்டிருந்தார்கள்.

வேறு வழியில்லாமல் நிலையத்தின் பின்புறம் கறுப்புத் தறப்பாள் விரித்த ஆழமில்லாத தொட்டிகளைக் கட்டி மிச்சத் தண்ணீரை வெயிலில் காயவிட்டோம். எங்கள் ஊரில் வெயிலுக்குக் குறையில்லை. முதலில் வந்த உப்பு மஞ்சள் கலந்த சாம்பல் நிறம். முதல் சவ்வை மாற்றிய பிறகு வெள்ளையாக வந்தது, கடையில் வாங்குவதுபோல. அதைக் கையில் அள்ளி வைத்துக்கொண்டு வெயிலில் நின்று பார்த்தேன், பெருமையாக இருந்தது. வெறும் உரப்பைகளில் நிரப்பி, காக்காவின் மனம் மாறும் நாளுக்காகக் கொட்டிலில் அடுக்கினோம்.

ஆனால் மாரி வந்துகொண்டிருந்தது. மழையில் எதுவும் காயாது. தொட்டிகள் நிரம்பி விளிம்பால் வழியும், வழிந்தால் கீழே மணல், மணலுக்கு அந்தப் பக்கம் ராத்தாவின் கிணறு. மழை தொடங்குமுன் பட்டறைகள் இந்த உப்பையும் உப்புத் தண்ணீரையும் எடுக்கத் தொடங்காவிட்டால் அந்தக் கிணறு திரும்பவும் முதலிலிருந்து கெடும். நான் சொன்ன ஓம் பொய்யாகிவிடும். வானத்தைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வந்தது. மேகத்தோடு கோபிக்கிற நிலைக்கு வந்துவிட்டேனே என்று என்மேலும் கோபம் வந்தது.

அந்த நேரத்தில்தான் கொட்டிலில் உப்பு மூட்டைகள் குறையத் தொடங்கின.

முதலில் ஒரு மூட்டை பாதியாகியிருந்தது. பிறகு அது இல்லை. அடுத்த கிழமை இன்னொன்று. எனக்கு நெஞ்சுக்குள் குளிர்ந்தது. காக்கா ஆளை அனுப்பி எடுக்கிறார், என்னிடம் நேரில் சொன்னால் தான் தோற்றதுபோல ஆகிவிடும் என்று சொல்லாமல் இருக்கிறார் என்று நானே கதை கட்டிக்கொண்டேன். எங்கள் ஆட்களின் மானம் எனக்குத் தெரியும். அதனால் வாச்சரிடமும் கேட்கவில்லை, கேட்டால் அது காக்காவின் காதுக்குப் போய் அவர் நிறுத்திவிட்டால்? பட்டறைக்காரர்களின் கூட்டத்தில் எழும்பி நின்று, "சிலபேர் இப்ப நம்மட உப்பப் பாவிக்கத் தொடங்கிட்டாங்க, பேர் சொல்லல்ல, அவங்களுக்கு நன்றி" என்று வேறு சொன்னேன். பட்டறைக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அது வெட்கம் என்று நினைத்தேன்.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது காக்கா என்னை நிறுத்தினார். "மிஸ், ஆரப் பத்திக் கதைச்சீங்கெண்டு எனக்கு விளங்கல்ல. நான் உங்கட உப்புல ஒரு பிடி எடுக்கல்ல. இஞ்ச இரிக்கிற ஒருத்தரும் எடுக்கல்ல."

நேரே வாச்சரிடம் போனேன். நல்ல மனிசன், ஐந்து நேரத் தொழுகையும் தவறாதவர், நிலையத்தில் ஒரு ஆணிகூடக் காணாமல் போனதில்லை. உப்பு எங்கே என்று கேட்டதும் அவர் முகத்தில் குற்றவாளியின் அசைவே இல்லை.

"குடுத்தன் மிஸ்."

"ஆருக்கு?"

"கேட்டவங்களுக்கு. பின்வீட்டு ராத்தா முதல்ல கேட்டா. மறுகா ஒழுங்கையில ரெண்டு மூணு பேர்."

"என்னத்துக்குக் குடுத்தீங்க?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "என்ன மிஸ் இப்பிடிக் கேக்கிறீங்க. உப்ப ஒருத்தர் வந்து கேட்டா இல்லையெண்டு செல்லலாமா? அதுவும் இவ்வளவு வெச்சிக்கிட்டு?"

எங்கள் ஊர்களில் தண்ணீரும் நெருப்பும் உப்பும் கேட்டு வருகிறவரை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. உம்மா சொல்லித்தான் நானும் வளர்ந்தேன். அடுத்த வீட்டோடு கோபமாக இருந்தாலும் உப்புக்குக் கிண்ணம் வந்தால் நிரப்பித்தான் அனுப்புவோம். வாச்சர் என் கொட்டிலிலிருந்த மூட்டையை வைத்து அந்த முறைமையைக் காப்பாற்றியிருக்கிறார்.

"என்ன செஞ்சாங்க அந்த உப்ப?"

"என்ன செய்யிற? கறிக்குத்தான். ராத்தா இடியப்பத்துக்கும் போடுறா. வெள்ள வெளேரெண்டு இரிக்கி, கடையுப்பவிட நல்லமெண்டு செல்றா."

அன்று காலையில் நான் ஐந்து இடியப்பம் தின்றிருந்தேன்.

தலையில் கையை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். யோசித்துப் பாருங்கள். அழுக்கெல்லாம் கழன்றுபோன தண்ணீரை இந்த ஊர் வேண்டாம் என்றது, மௌலவி சொல்லியும் கேட்காமல் சிவப்பு எழுத்தில் போட் வைத்தது. கழன்ற அழுக்கோடு நிற்கிற உப்பைக் கிண்ணம் கொண்டுவந்து வாங்கிப்போய்ச் சோற்றில் போட்டுத் தின்கிறது. இரண்டு நாள் தின்றால் யாரும் சாகப்போவதில்லைதான். ஆனாலும் அது தொட்டிக்கான உப்பு, வயிற்றுக்கானதில்லை.

வாச்சரையும் கூட்டிக்கொண்டு ஒழுங்கையில் வீடு வீடாகப் போய் உப்பைத் திரும்ப வாங்கினேன். ஒரு வீட்டில் போத்தலில் இருந்தது, ஒரு வீட்டில் ஏற்கெனவே தேசிக்காயோடு ஊறிக்கொண்டிருந்தது. ஒருவர், "கருவாட்டுக்குப் போட்டுட்டமே மிஸ், இனி எப்பிடிக் கழட்டுற?" என்று என்னிடமே கேட்டார். கருவாட்டையும் தூக்கிக்கொண்டு வந்தோம். கடைசியாக ராத்தா வீடு. அவர் அடுப்படியில் உப்புச் சட்டி நிறைய இருந்தது.

"ராத்தா, இத நான் கொண்டு போறன்."

"ஏன்?"

"இது திங்கிற உப்பில்ல."

"தண்ணி ஆகாண்டுதானே போட் வெச்சிரிக்கி. உப்பு ஆகாண்டு எங்க வெச்சிரிக்கி?"

என் பொறுமை அந்த இடத்தில் முடிந்தது. "தண்ணிதான் ராத்தா நல்லது! அதுல இரிந்த ஊத்தையெல்லாம் இந்த உப்புலதான் நிக்கிது. தண்ணிய வேணாண்டிட்டு ஊத்தையத் திங்கிறீங்களே, நான் எங்க போய் முட்டிக்கொள்ற?"

அவர் சட்டியைப் பார்த்தார். பிறகு கேட்டார். "அப்ப என்ட கிணத்துக்குள்ள இரிந்ததும் இதுதானே?"

"ஓம்."

"இத்தின வருஷமா நாங்க குடிச்சதும் இதுதானே?"

"ஓம் ராத்தா."

"ஒரு சட்டி உப்புக்கு இப்பிடி மூச்சிரைக்க ஓடி வந்திரிக்கீங்க மிஸ். கிணத்துக்கு ஆரும் இப்பிடி ஓடி வரல்லையே."

அவர் என்னை மிஸ் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. பட்டறை ஊற்றிய காலத்தில் நான் இங்கே இல்லையே என்று சொல்லலாம், ஆனால் அதைச் சொல்லி என்ன?

அவர் சட்டியிலிருந்த உப்பை ஒரு பையில் கொட்டிக் கட்டினார். பர்தாவைப் போட்டுக்கொண்டு, "வாங்க" என்றார். எங்கே என்று கேட்டேன். "உங்கட உப்பு ஆருக்கு வேணுமோ அங்க."

காக்கா பட்டறையில் காலைச் சாப்பாட்டில் இருந்தார். கூட்டம், வீடு வீடாக அலைந்தது எல்லாம் முடிந்து மறுநாளாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். கூட்டம் விடியவே வைத்தார்கள், மணி இன்னும் பத்துக்கூட ஆகவில்லை. லஞ்ச் சீற்றை விரித்து வைத்திருந்தார். இடியப்பம், சொதி, சம்பல். யார் வீட்டு இடியப்பம் என்று கேட்கத் தேவையில்லை.

"தம்பி, உப்புக் காணுமா?" என்று ராத்தா கேட்டார்.

"அளவா இரிக்கி ராத்தா. என்ன விஷயம்?"

ராத்தா பையை அவர் முன்னால் வைத்து அவிழ்த்தார். "இந்த உப்புத்தான். கொஞ்ச நாளா இதத்தான் போடுறன். உங்கட வயிறு ஏத்துக்கிட்டு. உங்கட நூல் மட்டும் ஏக்காதா?"

காக்கா வாய்க்குள் இருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவ்வளவு எரிச்சலுக்கு மத்தியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டேன். வேலைக்காரர்கள் அத்தனை பேரும் நூலை விட்டுவிட்டு நின்றார்கள். அவர்களும் அதே இடியப்பம்தான் தின்றிருப்பார்கள்.

"கறுப்புலதானே மிஸ் கேட்டீங்க?" என்றார் காக்கா கடைசியில், தண்ணீர் குடித்துவிட்டு.

"ஓம். கறுப்புல."

கறுப்பில் போட்டார்கள். திட்டு ஒன்றும் வரவில்லை. பிறகு கடும் நீலத்தில் போட்டார்கள். "இளமஞ்சளுக்கு மட்டும் கேக்காதீங்க, என்ட பேர் கெட்டிடும்" என்று காக்கா கட்டாயமாகச் சொல்லிவிட்டார். நானும் கேட்கவில்லை. கொட்டிலில் இருந்த மூட்டைகள் போயின, தொட்டிகளில் இருந்த உப்புத் தண்ணீரும் குழாய் வழியாகப் பட்டறைக்குப் போகத் தொடங்கியது. கிழமைக்கொரு முறை காக்கா ஃபோன் எடுத்து ஏதாவது குறை சொல்வார். சொல்லட்டும். மாரி தொடங்கியபோது தொட்டிகள் கழுவிய கோப்பைகளாக இருந்தன.

ஆனால் ராத்தா என்னை மன்னிக்கவில்லை. பையைக் கட்டிய அன்றே சொல்லிவிட்டார். "இனி எனக்கு உங்கட உப்பும் வேணா, கடையுப்பும் வேணா. என்ட கிணத்துத் தண்ணியில மாக் குழைச்சா உப்பே போடத் தேவல்ல." வீம்புக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். வீம்புதான், ஆனால் செய்தும் காட்டினார். மறுநாளிலிருந்து தங்கச்சி வீட்டுக் கேன்களை நிறுத்திவிட்டுக் கிணற்றுத் தண்ணீரில் குழைத்தார், ஒரு கல் உப்புப் போடாமல். கிணற்றில் சாயம் இல்லை என்று ஆய்வு சொல்லியிருந்ததால் நான் குறுக்கே விழுந்து தடுக்கவும் வழியில்லை. கேன் தூக்குகிற வேலை போன சந்தோஷத்தில் கணவர் விசிலடித்துக்கொண்டு திரிந்தார்.

அந்த இடியப்பத்தில் உப்பு மிகச் சரியாக இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒவ்வொரு காலையும் மதிலுக்கு மேலால் அந்தப் பொட்டலம் வரும், நான் பிரித்துத் தின்பேன். கிணறு இன்னும் சவர் என்று ராத்தா வாயால் சொல்வதை நிறுத்திவிட்டார். சொல்லத் தேவையில்லையே, நான்தான் தின்றுகொண்டிருக்கிறேன். வாச்சர் வேறு, "இண்டைக்கும் நல்ல பதம் மிஸ்" என்று விரலைச் சூப்புவார். எனக்கு அவரைத் தூக்கித் தொட்டிக்குள் போட வேண்டும்போல இருக்கும்.

மாரி அந்த முறை நன்றாகப் பெய்தது. தொட்டிகள் நிரம்பி வழிந்தன. ராத்தா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன வழியுது?" என்றார். "வெறும் மழைத்தண்ணி" என்றேன். நம்பினாரோ தெரியாது, தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

மழை விட்டு வெயில் எறித்த ஒரு காலை. ஸ்கூட்டியில் வரும்போதே பட்டறை வாசலில் கிடந்த சேற்றில் சறுக்கி ஒரு பக்கம் முழுக்க நனைந்திருந்தேன். அந்தக் கோபத்தோடு பொட்டலத்தைப் பிரித்து ஒரு வாய் வைத்தேன். சப்பென்று இருந்தது. சம்பலை நிறையத் தொட்டுத் தின்றேன், அப்போதும் மாவில் ஒன்றுமில்லை. வாச்சர் பாதியை அப்படியே வைத்துவிட்டு, "உப்புக் காணா மிஸ்" என்றார். காலைச் சாப்பாடும் இப்படியா என்று எழும்பி மதிலடிக்குப் போனேன்.

"ராத்தா! என்ன இண்டைக்கு இடியப்பத்தில உப்பு..."

மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். ராத்தா கிணற்றுக்கட்டில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் வாளி. கடைகளிலிருந்து திரும்பி வந்த இடியப்பம் ஓலைப்பெட்டியோடு காலடியில் இருந்தது. உள்ளங்கையில் தண்ணீரை ஏந்தி நாக்கில் வைத்துக்கொண்டிருந்தார், மௌலவி செய்தது மாதிரி.

"ஊரெல்லாம் ஏசுது தங்கச்சி" என்றார். "உப்பில்லையாம். எண்பது இடியப்பம் திரும்பி வந்திட்டு."

"நீங்க உப்புப் போடல்லையா?"

"நான் எப்ப போட்டன்?"

வாளியைத் தூக்கி மதிலுக்கு மேலால் நீட்டினார். நான் கையை விட்டு அள்ளிக் குடித்தேன். இன்னொரு தடவை அள்ளிக் குடித்தேன். ஒன்றுமில்லை. தண்ணீர் மட்டும்தான். இரண்டு பேரும் மதிலுக்கு இரண்டு பக்கத்திலும் நின்று ஒருவரையொருவர் பார்த்தோம். அவர் அழுதார். எனக்கும் கண் நிறைந்தது. மாரி போனால் இது நிற்குமா, கோடையில் திரும்பச் சவராகுமா என்று நான் படித்த மூளை கேட்டுக்கொண்டேதான் இருந்தது. வாயை மூடு என்று அதைச் சொன்னேன்.

ராத்தா முக்காட்டின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மத்தியானத்துக்குக் கடைக்காரன் நூறு கேட்டிரிக்கான். வீட்டுல உப்பு ஒரு கல் இல்ல தங்கச்சி. இரிந்தாக் கொஞ்சம் தாங்களன்."

எனக்குப் பின்னால் கொட்டிலில், மழைக்கு முன் காய்ந்த உப்பில் இரண்டு மூட்டை மிஞ்சியிருந்தது. காக்கா இன்னும் ஆள் அனுப்பவில்லை. வாச்சர் அதைத் திரும்பிப் பார்ப்பதை நான் கண்டேன். கொட்டிலைப் பூட்டித் திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நனைந்த உடுப்போடு சந்திக் கடைக்கு நடந்து, ஒரு பாக்கெட் உப்பு வாங்கி வந்து மதிலுக்கு மேலால் கொடுத்தேன்.